மூன்றாம் ஆணி

மார்ச் 3

தங்கச்சி சுண்டுவுக்கு,

நிலவில் ஆள் இறங்கிய வருடம் அது. அதே வருடம்தான் பெரிய பாலத்தின் நடுத்தூண் உள்வாங்கி, ஆறு மாதம் நாமெல்லாம் படகில் வேலைக்குப் போனோம். அதே வருடம்தான் முதலாளியின் மகள் கார் ஓட்டப் பழகி, கிடங்கு வாசலில் இருந்த எடைமேடையை இடித்துத் தள்ளினாள். ஜூலை மாதம், நிலவில் இறங்கிய மூன்றாம் நாள், புதன்கிழமை, அரை நாள் வேலை. எந்த நாளைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. மீதியையும் படி.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கீழ்வீட்டில் பல் கட்டுகிறவர் எழுதுகிறார். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதே, ஊர் வாயையெல்லாம் திறந்து பார்த்தவர், தன் வாயைத் திறக்கமாட்டார். போனில் பேசலாம் என்று மகள் சொன்னாள். உன் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு எழாது. நீயும் வைத்துவிடுவாய்.

விஷயம் இதுதான். எனக்கு என் கையைக் கண்டால் பயமாக இருக்கிறது.

சாப்பிட்டதும் மதியம் ஒரு மணி நேரம் படுப்பேன். மூன்று மாதமாக, நான் தூங்கும்போது கை தூங்குவதில்லை. எழுந்து போய் வீட்டில் இருக்கும் தாழ்ப்பாளையெல்லாம் போட்டுவிட்டு வருகிறேனாம். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். மகள்கூட, "அப்பாவுக்கு ரிட்டயர் ஆனது இன்னும் கைக்குத் தெரியலை" என்றாள். பிறகு, போன மாதம் ஒரு சனிக்கிழமை, பேத்தி சாமான் அறைக்குள் கலர் பென்சில் தேடிப் போயிருக்கிறாள். ஏழு வயது. நான் வெளியே தாழ் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை உள்ளேயிருந்து தட்டுகிறது, அழுகிறது. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது என் கண் திறந்துதான் இருந்ததாம். "ஏழும் இருக்கு, ஏழும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

ஏழு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

பல் கட்டுகிறவருக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். நான் குளிர்கிடங்கில் கதவுக்காரன். உள்ளே வெண்ணெய்ப் பெட்டியும் மீன் பெட்டியும், கூடவே ஆளைக் கொல்கிற குளிரும். வெளியே சுவரில் ஏழு ஆணி, ஏழு கம்பளிக் கோட்டு, சுமக்கும் ஆள் ஏழு பேர். உள்ளே போகிறவன் கோட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும், வெளியே வந்ததும் தன் ஆணியில் மாட்ட வேண்டும். எழுத்துத் தெரியாத எனக்காக நானே வைத்துக்கொண்ட முறை அது. ஏழு கோட்டும் ஆணியில் இருந்தால் உள்ளே ஆள் இல்லை. கதவின் இரும்புக் கையை இறக்கிப் பூட்டிவிடுவேன். பதினோரு வருடத்தில் ஒரு நாள் தப்பியதில்லை. அதனால்தான் எல்லாரும் என்னைப் பூட்டு என்றே கூப்பிட்டார்கள்.

மூன்றாம் ஆணி உன் வீட்டுக்காரருடையது. அந்தப் புதன்கிழமை காலையில் அவர் கோட்டில் பட்டன் அறுந்துவிட்டது, தைக்கச் சொல்லி பேக்கிங் பகுதியில் உன்னிடம் கொடுத்தார். அதுவரைக்கும் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ரேடியோவில் நிலவைப் பற்றிப் பேசிய ஆளின் தொண்டை கட்டியிருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு, குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவியது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. பூட்டியது ஞாபகம் இல்லை. மறுநாள் காலையில் அவரை வெளியே தூக்கியது ஞாபகம் இருக்கிறது. உடம்பில் கோட்டு இல்லை.

விசாரணையில் ஏழு கோட்டும் இருந்தது என்றேன். பன்னிரண்டு மணிக்கே மூன்றாம் கோட்டைத் தைத்து மாட்டிவிட்டேன் என்று நீ சொன்னாய். முறையை மீறிக் கோட்டில்லாமல் உள்ளே போனது அவர் தப்பு என்று எழுதி மூடிவிட்டார்கள். ஆனால் அடக்கத்தன்று எல்லார் முன்னாலும், "எங்க அண்ணன்தான் பூட்டினான், இனி இவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்றாய். சொன்னபடியே இருந்துவிட்டாய். நாற்பத்தெட்டு வருடம்.

இப்போது மதியம் தூங்கினால் கனவு வருகிறது. நான் ஆணிகளை எண்ணுகிறேன். ஒரு ஆணி காலி. ஆறுதான் இருக்கிறது. ஆறு என்று தெரிந்தும் என் கை இரும்புக் கையை இறக்குகிறது. உள்ளேயிருந்து மூன்று தட்டு.

சுண்டு, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நான் பூட்டும்போது அந்தக் கோட்டு ஆணியில் இருந்ததா, இல்லை இன்னும் உன்னிடமே இருந்ததா? என்னைக் காப்பாற்ற நீ விசாரணையில் பொய் சொன்னாயா? உண்மையைச் சொல். மகள் இந்த மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு, என்னை எங்காவது சேர்த்துவிடலாம் என்கிறாள்.

உன் அண்ணன்

---

மார்ச் 11

கதவுக்காரருக்கு,

கடிதம் வந்தது. முதலில் பல் கட்டுகிறவருக்கு: உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விஷயம்தான் நன்றாக இல்லை.

உங்களை நான் காப்பாற்றப் பொய் சொல்வேனா? நினைப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கோட்டைப் பன்னிரண்டு மணிக்கு மாட்டினேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஏழும் இருந்தது. போதுமா?

எண்பத்தொரு வயதில் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் கனவு வரத்தான் செய்யும். ராத்திரி கஞ்சி குடியுங்கள், மதியம் படுக்காதீர்கள். பேத்தியிடமிருந்து தள்ளி இருங்கள். நாற்பத்தெட்டு வருடம் கழித்து ஒரு பச்சைப் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டு எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தையல் மெஷினை அந்த வருடமே விற்றுவிட்டேன், பட்டன் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்று கேட்பார்கள், ஏன் எந்த அறைக்கும் கதவு இல்லை என்று. கழற்றிவிட்டேன். காற்று வேண்டும். குளியலறைக்கும் துணித் திரைதான். வாசலுக்கு மட்டும் கதவு உண்டு, அதற்கும் தாழ் கிடையாது. திருடன் வந்தால் வரட்டும், என்ன இருக்கிறது எடுக்க.

இனி எழுத வேண்டாம்.

முடித்துவிட்டேன் என்று கவரை ஒட்டப் போனேன், திரும்பப் பிரித்தேன். ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் போடுங்கள். கனவில் காலியாக இருக்கிற ஆணி எத்தனையாவது? கனவில் வேறு யாராவது இருக்கிறார்களா?

---

மார்ச் 19

சுண்டு,

மூன்றாவது. வேறு எதுவாக இருக்கும்?

யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாய். அதைக் கேட்டதிலிருந்து கனவு மாறிவிட்டது. யாரோ உள்ளேயிருந்து அதை எடுத்துக் கொடுத்தமாதிரி. சொல்வதற்கே உடம்பு கூசுகிறது, பல் கட்டுகிறவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அதற்கு முன்னால் வீட்டு நிலவரம். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மனசுக்குப் பார்க்கிற டாக்டர், சின்ன வயசுப் பெண். "தாத்தா, நீங்க எதையோ உள்ள வெச்சுப் பூட்டியிருக்கீங்க. அது வெளிய வரப் பாக்குது. உங்ககிட்ட கேட்டா நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும், அதனால நீங்க தூங்கற நேரமாப் பாத்து உங்க கையைப் பிடிச்சுக்குது" என்றாள்.

"கை மூடத்தானே செய்யுது டாக்டரம்மா, ஒண்ணையும் தொறக்கலையே" என்றேன்.

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள். நல்ல பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்கிறாள்.

படுக்கும்போது வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக் கட்டிலோடு கட்டிவிடச் சொன்னேன். மருமகன் கட்டினார், முகத்தைப் பார்க்காமல் கட்டினார். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால் துணி அவிழ்ந்து கிடக்கிறது, சமையலறைக் கதவு வெளியே தாழ் போட்டிருக்கிறது. உள்ளே மகள். அவள் கத்தவில்லை. நான் திறந்ததும், "அப்பா, நான்தான், நான்தான்" என்று இரண்டு தடவை சொன்னாள். பெற்ற அப்பனிடம் தான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது அவளுக்கு.

பேத்தி கதவோரத்தில் நின்று, "தாத்தா, உள்ள யாரு இருக்காங்கன்னு நெனச்சுப் பூட்டுறீங்க?" என்று கேட்டாள்.

ஊருக்கு வெளியே முதியோர் இல்லம் ஒன்று பார்த்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறதாம். நான் தூக்கத்தில் எழுந்து நடப்பதால் என் அறையை மட்டும் வெளியிலிருந்து பூட்டுவார்களாம். அதைச் சொல்லும்போது மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வெளியிலிருந்து பூட்டுகிற கதவுக்கு உள்பக்கம் நான் ஒரு நாளும் நின்றதில்லை.

இப்போது கனவு. ஏழு ஆணி, மூன்றாவது காலி. பக்கவாட்டிலிருந்து ஒரு கை வருகிறது. முகம் இல்லை, கை மட்டும். மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறது, என் கையில் சுற்றிய மாதிரியே. விரலில் பச்சை நூல். அந்தக் கை காலி ஆணியைத் தொடுகிறது, பிறகு எல்லாம் இருட்டு, மூன்று தட்டு. அது என் கைதான் சுண்டு. துணியைப் பார்த்தாலே தெரிகிறது. ஆணி காலி என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு பூட்டிய கை.

ஏன் பூட்டினேன் என்றும் எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. அவர் உன்னை என்ன பாடு படுத்தினார் என்று தெரிந்தும் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று சிரித்துக்கொண்டு நின்றவன் நான். நான் சிரித்தேன், என் கை சிரிக்கவில்லை போலிருக்கிறது. கதவிலிருந்து நாலடி தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன், அவர் உள்ளே போனதைப் பார்க்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். நாலடி, சுண்டு.

ஆணி காலியாக இருந்தது என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். இல்லத்துக்கு நானே கிளம்பிவிடுகிறேன், வெளியிலிருந்து பூட்டட்டும். இந்தக் கை இருக்கிற வீட்டில் பிள்ளை இருக்கக்கூடாது.

---

மார்ச் 28

அண்ணா,

இதை உனக்குப் படித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும், அவரும் கேட்கத்தான் போகிறார். ஒன்பது நாள் அதைத்தான் யோசித்தேன். நேரில் வந்து உன் காதில் சொல்லலாம் என்றால் முட்டி விடவில்லை. சரி, கேட்கட்டும். யாரோ ஒருவர் கேட்டால்தான் இது சொன்னதாக ஆகும்.

அது உன் கை இல்லை.

அன்று காலை என் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முந்தின நாள் அவர் முறுக்கியது. புடவைத் தலைப்பில் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தேன். நீ கேட்டாய், படியில் விழுந்தேன் என்றேன். "உன் வீட்டுல படியே கிடையாதே" என்று நீ சொல்லவில்லை. பச்சை நூல் மூட்டை தைக்கிற நூல். பட்டனுக்கு வேறு நூல் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மாட்டினேன் என்றது பொய். பன்னிரண்டரைக்கு அவர் என்னிடம் வந்தார். வெண்ணெய்ப் பெட்டிக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்து வைத்திருப்பார், உனக்கும் தெரிந்திருக்கும். "கோட்டு ஆகலியா?" என்றார். "இன்னும் ஒரு பட்டன்" என்றேன். "கெடக்கட்டும், ஒரு நிமிஷம்தான்" என்று கோட்டில்லாமலே உள்ளே போனார். அந்த ஒரு பட்டனைத் தைத்தேன், நூலைப் பல்லால் கடித்தேன், எழுந்து போய் கோட்டை மூன்றாம் ஆணியில் மாட்டினேன்.

ஏழும் மாட்டியிருந்தால் நீ பூட்டுவாய் என்று எனக்குத் தெரியும். உன் முறை அது. உன் முறையை வைத்தே உன்னைப் பூட்ட வைத்தேன்.

சாகட்டும் என்று மாட்டினேனா? சத்தியமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் நடுங்கட்டும், பிறகு உன்னிடம் வந்து சொல்லித் திறக்க வைப்பேன் என்று நினைத்ததாகத்தான் நினைவு. வீட்டுக்குப் போனேன். ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்று தரையில் சாய்ந்தேன். அண்ணா, நான் தூங்கிப்போனேன். கல்யாணமான ஆறு வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. நடுவில் ஒரு முறை விழிப்பு வந்தது. எதையோ மறந்துவிட்டேன் என்று தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. புரண்டு படுத்தேன். மறுநாள் காலையில் கிடங்கிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள், அப்போதுதான் எழுந்தேன்.

அந்தத் தூக்கத்தை நான் தூங்கினேனா, இல்லை எனக்குள் இருக்கிற வேறு எவளோ ஒருத்தி என்னை அமுக்கிப் பிடித்துத் தூங்க வைத்தாளா? அவளைக் கண்டால்தான் எனக்குப் பயம். கதவையெல்லாம் கழற்றியது காற்றுக்காக இல்லை, அவளுக்காக.

உன் மேல் பழி போட்டது கோபத்தில் இல்லை. உன்னோடு பேசிக்கொண்டிருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வாய்விட்டுவிடுவேன் என்ற பயம். நீ குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாய். அது இன்னும் பயமாக இருந்தது.

பிள்ளையிடமிருந்து உன்னைப் பிரிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல். பூட்டியது உன் கை, பூட்ட வைத்தது நான். இங்கே உன் கைக்கு மூட ஒரு கதவும் கிடைக்காது. வா என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது. வராதே என்று சொல்லவும் மனசு வரவில்லை.

சுண்டு

---

ஏப்ரல் 6

சுண்டு,

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை பல் கட்டுகிறவர் படிக்கவில்லை, எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நீ சொல்லிவிட்டாய். நானும் சொல்ல வேண்டும். படித்துக் கேட்ட இரண்டு நாள் நான் படுக்கவில்லை. நேற்று மதியம் நாற்காலியிலேயே கண் சொருகிவிட்டது. கனவு வந்தது. இந்தத் தடவை கைக்கு மேலே தோளும், தோளுக்கு மேலே முகமும் இருந்தது. விழித்த பிறகும் போகவில்லை, அது கனவு இல்லை என்பதால். எங்கே இருந்ததோ, நாற்பத்தெட்டு வருடம் கழித்து அந்த அரை மணி நேரம் முழுசாக வந்துவிட்டது.

அவர் உள்ளே போனதை நான் பார்த்தேன். கோட்டில்லாமல். "பூட்டு, கண்டுக்காத, ஒரு நிமிஷம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிறகு நீ வந்தாய். கோட்டை மாட்டினாய். பட்டனில் பச்சை நூல் தொங்கியது. திரும்பும்போது என்னைப் பார்த்தாய், இல்லை, நான் இருக்கிற பக்கம் பார்த்தாய், உன் கண்ணில் ஒன்றும் இல்லை. நான் உன் மணிக்கட்டைப் பார்த்தேன். நீ போனாய். நான் எழுந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு வரைக்கும். ஏழும் இருந்தது. முறை சரியாக இருந்தது. இறக்கினேன்.

தட்டும் சத்தம் கேட்டது. மூன்று. குளிர் மெஷின் சத்தம் என்று என் காது சொன்னது, காது சொன்னதை நான் நம்பினேன். போய்க் கை கழுவினேன். கழுவி முடிக்கும்போதே மறந்தாகிவிட்டது.

எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவன் என்று ஊரெல்லாம் என்னிடம் வந்து தேதி கேட்பார்கள். எதை மறக்க வேண்டும் என்று என்னைக் கேட்காமல் உள்ளே ஒருவன் முடிவு செய்திருக்கிறான். உன்னைப் பார்த்ததை மறைக்க வேண்டும் என்றுதான் அவன் கனவில் ஆணியைக் காலியாக்கினான் போல. உன் கையை என் கை என்று சொன்னான். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவாள். எனக்குச் சந்தோஷம் இல்லை. எனக்குத் தெரியாமல் எனக்குள் இத்தனை வேலை பார்த்தவன் இனி என்ன செய்வான் என்று நினைத்து, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்கிறேன், பல் கட்டுகிறவர் பார்க்கிறார்.

அதனால் நீ பூட்ட வைத்தாய் என்று சொல்லாதே. பிள்ளையிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்கிறாய். பிரிக்கத்தான் வேண்டும். மகளிடம் இல்லம் வேண்டாம், சுண்டு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கதவில்லாத வீடு ஒன்று இருக்கிறது என்றேன். "அத்தை ஒத்துக்குவாங்களா அப்பா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பேத்தி தன் கலர் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள், அங்கே பொழுது போக வேண்டுமாம்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்கிறேன். நேற்று வந்ததன் கடைசிப் பகுதி மட்டும் நடந்தது இல்லை, கனவுதான். நான் இரும்புக் கையை இறக்கியதும் பக்கம் மாறிவிட்டது. உள்ளே நிற்பது நான். கோட்டு இல்லை. வெண்ணெய்ப் பெட்டி, மீன் பெட்டி, புகை மாதிரி மூச்சு. நான்தான் தட்டுகிறேன். மூன்று. தட்டிவிட்டு, வெளியே திறக்க யார் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

முதல் ஆணி, சொட்டை. பாலம் திரும்பக் கட்டிய வருடம் காய்ச்சலில் போனான். இரண்டும் நான்கும் இரட்டையர்கள், மூத்தவன் போன பதினோராம் நாள் இளையவன். மூன்று, உன் வீட்டுக்காரர். ஐந்து, பாட்டுக்காரன், மகன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. ஆறு, அவசரம், கடைசியிலும் அவசரம்தான், நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஏழு, ஊமையன் என்று கூப்பிடுவோமே, பேசத் தெரிந்தும் பேசாதவன், அவன் போனது போன மழைக்கு. மெஷின்காரர் இல்லை. முதலாளி இல்லை, எடைமேடையை இடித்த மகளும் இல்லை. உன்னோடு மூட்டை தைத்த மூன்று பேரும் இல்லை.

அன்று அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களில், வந்து இரும்புக் கையைத் தூக்குவதற்கு இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள். சுண்டு.